காலிக் கோப்புறையின் காவல்

கணினியின் சி டிரைவில் தாம் உருவாக்காத கோப்புறை ஒன்று தென்படும்போது, அதன் பெயரையும் அளவையும் கொண்டே அது தேவையா இல்லையா என்று முடிவு செய்வது பெரும்பாலோரின் வழக்கம். விண்டோஸ் இயங்குதளத்தில் இவ்விரண்டுமே நம்பத்தகாத சான்றுகள் என்பதை, 2025 ஏப்ரல் மாதப் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பின் கணினிகளில் தோன்றிய 'ஐநெட்பப்' என்னும் கோப்புறை தெளிவாகக் காட்டியது.

வலைத்தளங்களை வழங்கப் பயன்படும் ஐஐஎஸ் என்னும் மென்பொருளுக்கு உரியது அப்பெயர். அம்மென்பொருள் இயக்கப்படாத கணினிகளிலும் கோப்புறை வந்து நின்றதாலும், அதனுள் ஒரு கோப்புகூட இல்லாததாலும், புதுப்பிப்பில் நேர்ந்த பிழை என்று கருதிப் பலர் அதை நீக்கினர்; ஐஐஎஸ் இயங்கினாலும் இயங்காவிட்டாலும் அதை நீக்கக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட் அதன் பின்னரே விளக்கியது. முதல் நாளிலேயே சொல்லப்பட்டிருக்க வேண்டிய செய்தி அது. விண்டோஸைப் புதுப்பிக்கும் நிரல்கள் கணினியின் மிக உயர்ந்த அதிகாரத்துடன் இயங்குபவை. அவை செல்லும் பாதையில், வேறோர் இடத்துக்குத் திருப்பிவிடும் இணைப்பு ஒன்றைக் குறைந்த அதிகாரமுள்ள ஒருவர் முன்கூட்டியே வைத்துவிட்டால், அந்த உயர் அதிகாரம் தவறான கோப்புகளின்மேல் பாயக்கூடும். இத்தகைய குறைபாடு ஒன்றை அடைக்கும் ஏற்பாட்டின் பகுதியாகவே, இயங்குதளமே உரிமையாளராக இருக்கும் அக்கோப்புறை முன்னதாக அமைக்கப்பட்டது. ஆகவே அதன் பயன் உள்ளடக்கத்தில் இல்லை, அதற்குரிய அனுமதிகளில் இருக்கிறது. நீக்கியவர் அதே பெயரில் வெறும் கோப்புறை ஒன்றைத் தாமே உருவாக்கி வைப்பதால் அந்த அனுமதிகள் திரும்பிவிடா. விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் ஐஐஎஸ்ஸை இயக்கினால் கோப்புறை உரிய முறையில் மீளும்; பின்னர் அதை அணைத்துவிடலாம்.

அளவு ஏமாற்றுவதற்கு, விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' சான்று. இயங்குதளத்தின் உறுப்புக் கோப்புகள் அனைத்துக்கும் கிடங்கான இது பல கிகாபைட் இடத்தை விழுங்குவதுபோல் தோன்றினாலும், அக்கணக்கில் பெரும்பகுதி இருமுறை எண்ணப்பட்டது. வட்டில் ஒரே இடத்திலுள்ள ஒரு கோப்புக்கு இரண்டு பாதைப் பெயர்களை வழங்கும் வன்பிணைப்பு என்னும் வசதியால், கிடங்கிலுள்ள கோப்பே 'சிஸ்டம்32' கோப்புறையிலும் காட்சி தருகிறது. ஒரு வீட்டுக்கு இரு தெருக்களிலும் வாசல் இருக்க, வாசல்களை எண்ணுபவர் இரண்டு வீடுகள் என்று எழுதிக்கொள்வது போன்றதே இது. உண்மையான அளவை 'டிஸ்ம்' என்னும் கட்டளைக் கருவி கூறும். பழைய பதிப்புகளை முறையாகக் களைவதும் அதன் வேலையே. கோப்புகளைக் கையால் அழித்தால் அடுத்த புதுப்பிப்பு தடைபடலாம், கணினியே தொடங்காமலும் போகலாம்.

இவற்றினும் நயவஞ்சகமான கேடு, மறைந்திருக்கும் 'இன்ஸ்டாலர்' கோப்புறையை அழிப்பதால் விளைவது. அழித்த அன்று எதுவும் நிகழாது. மாதங்கள் கழித்து ஒரு மென்பொருளைப் புதுப்பிக்கவோ நீக்கவோ முயலும்போதுதான், அதற்கு வேண்டிய நிறுவல் கோப்பு இல்லை என்ற செய்தி வரும். அக்கோப்புகள் அந்தந்தக் கணினிக்கே உரியவை ஆகையால் மற்றொரு கணினியிலிருந்து படியெடுத்து ஈடுசெய்யவும் முடியாது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ஒரு கோப்புறையை உருவாக்கியது யார், அதன் கணக்கை வைத்திருப்பது யார் என்பதே. பண்புகள் சாளரத்தின் பாதுகாப்புப் பகுதியில் உரிமையாளர் பெயர் 'டிரஸ்டட்இன்ஸ்டாலர்' என்றிருந்தால், அது விண்டோஸின் நிறுவல் சேவை காக்கும் உடைமை. வலிந்து அனுமதி பெற்று அதை அழிப்பது தகாது. பெயரை மட்டும் பார்த்து நம்புவதும் தகாது, ஏனெனில் தீநிரல்களும் இயங்குதளக் கோப்புறைகளின் பெயர்களைச் சூட்டிக்கொள்வதுண்டு.

'விண்டோஸ்.ஓல்டு' மட்டும் வேறு வகையைச் சேர்ந்தது. மேம்படுத்தலுக்கு முந்தைய பதிப்புக்குத் திரும்பும் வழியாக வைக்கப்படும் அதை விண்டோஸ் வழக்கமாகப் பத்து நாள்களில் தானே அகற்றிவிடும். அதற்கு முன்பே இடம் தேவைப்படுவோர், தம் பழைய ஆவணம் எதுவும் அதில் தங்கியிருக்கவில்லை என்று பார்த்துவிட்டு, அமைப்புகளிலுள்ள சேமிப்பகப் பகுதியின் வழியே நீக்கலாம்.