உப்புத் துளியும் அம்பாசிடரும்

நாகர்கோவிலிலிருந்து ரயிலேறித் திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்குகிறவர்களுக்குக் கால் படும் முதல் மண் தம்பானூர். ரயில் நிலையமும் கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்து நிலையமும் எதிரெதிரே நிற்கும் இந்த இடத்தில் ஒருகாலத்தில் அம்பாசிடர் டாக்சிகள் வரிசை கட்டி நின்றன. டிக்கியைத் திறந்தால் ஒரு கல்யாண வீட்டின் மூட்டை முடிச்சு மொத்தமும் உள்ளே போய்விடும். இன்று அந்த வரிசையில் ஓர் அம்பாசிடரைக் கண்டுபிடிக்கக் கண்கள் நெடுநேரம் தேடவேண்டும்.

தம்பானூர் பள்ளமான இடம். ஆமையிழஞ்சான் தோடு என்ற கால்வாய் ரயில் நிலையத்துக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. அது அடைத்துக்கொண்டால் ஒருமணி நேர மழைக்கே சாலை குளமாகிவிடும். 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் அரசு நிர்வாகம் இறங்கிக் கால்வாய்களைத் தூர்வாரியது, ஆக்கிரமிப்புகளை அகற்றியது. அதற்குப் பிறகும் பெருமழை நாளில் இங்கே முழங்கால் தண்ணீரில் நடந்தவர்கள் பலர். அந்தத் தண்ணீர் வடிந்ததும் சாலை காய்ந்துவிடுகிறது. சாலையோரம் நின்ற காரின் உள்பக்கம் காய்வதில்லை. நான் சொல்லவந்த கதை அங்கேதான் தொடங்குகிறது.

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 மே மாதம் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. நின்றபிறகுதான் அதன்மீது ஆசை பெருகியது. அப்பா ஓட்டிய வண்டியையும் தாத்தா ஆசைப்பட்டு வாங்கிய வண்டியையும் ஷெட்டிலிருந்து வெளியே தள்ளி மறுபடி ஓடவைக்கப் பிள்ளைகள் முயல்கிறார்கள். அப்படி முயன்ற யாரைக் கேட்டாலும் ஒரே வருத்தம்தான்: வேலை தொடங்கும்போது சொன்ன தொகை ஒன்று, முடியும்போது கொடுத்த தொகை அதைப்போல இரண்டு மடங்கு, சிலருக்கு மூன்று மடங்கு. மெக்கானிக் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லி அதோடு முடித்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அந்தப் பழி தவறு. அவர் கண்ணுக்குத் தெரிந்ததற்குத்தான் தொகை சொன்னார். மீதித் தொகையை எழுதியது துரு. துரு ஏன் எப்போதும் கண்ணில் படாத இடத்திலேயே வேலை செய்கிறது என்பதற்கு ஓர் அழகான காரணம் உண்டு.

கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூலிக் எவன்ஸ் என்ற வேதியியலர் 1920களில் அதைச் செய்து காட்டினார். பளபளவென்று தேய்த்த ஓர் இரும்புத் தகடு. அதன்மேல் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர். அந்தத் தண்ணீரில் இரண்டு நிறங்காட்டிகளைக் கலந்திருந்தார். இரும்பு கரைந்தால் ஒன்று நீலமாகும். தண்ணீரில் காரத்தன்மை ஏறினால் மற்றது இளஞ்சிவப்பாகும். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் தோன்றின. கொஞ்ச நேரத்தில் துளி தானாகவே ஒழுங்குபட்டது. நடுவில் நீலம், ஓரத்தில் வட்டமாக இளஞ்சிவப்பு, இரண்டுக்கும் இடையே பழுப்பு நிறத்தில் துரு வளையம்.

துளியின் ஓரம் மெல்லியது, அங்கே காற்றிலுள்ள ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும். நடுப்பகுதியில் தண்ணீர் ஆழமாக இருப்பதால் இருந்த ஆக்சிஜன் தீர்ந்ததும் புதிதாக வந்து சேரத் தாமதமாகும். ஓரத்திலுள்ள ஆக்சிஜனுக்கு எலக்ட்ரான் வேண்டும். அதை இரும்பின் வழியாகத் துளியின் நடுவிலிருந்து இழுத்துக்கொள்கிறது. எலக்ட்ரானைப் பறிகொடுத்த இரும்பு அணுக்கள் அங்கேயே தண்ணீரில் கரைந்துவிடுகின்றன. ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் ஒரு முழு பேட்டரி ஓடுகிறது! உப்பு இரண்டு விதத்தில் அதற்குத் துணைபோகிறது. தண்ணீரில் மின்னோட்டம் செல்ல வழிசெய்கிறது, இரும்பின்மேல் இயல்பாகப் படிந்திருக்கும் மெல்லிய காப்புப் படலத்தையும் உடைக்கிறது.

காற்று பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்று பள்ளியில் படித்தோம். அது உண்மைதான். ஆனால் ஓட்டை விழுவது காற்று நன்றாகப் படும் இடத்தில் அல்ல, காற்று சரியாக எட்டாத இடத்தில். எனக்கு இந்த ஒரு செய்தி பழைய காரைப் பார்க்கும் பார்வையையே மாற்றிவிட்டது.

இந்தக் கண்ணோடு ஓர் அம்பாசிடரைச் சுற்றிவாருங்கள். கதவின் அடியில் சேர்ந்த சேறு, தரை விரிப்புக்குக் கீழே ஊறிப்போன சணல் மெத்தை, இரண்டு தகடுகளைப் புள்ளி வெல்டிங் வைத்து இணைத்த இடுக்கு, முன்பொரு முறை பட்டி பூசி மறைத்த ஒடுக்கு: இவை ஒவ்வொன்றும் எவன்ஸின் துளியின் நடுப்பகுதி. ஈரம் இருக்கும், காற்று இராது. வெளியே கதவு கண்ணாடிபோல மின்னும், உள்ளே சல்லடையாகிக்கொண்டிருக்கும். ஒரு கிலோ இரும்பு முழுவதும் ஆக்சைடாக மாறினால் எடை ஏறக்குறைய 1.4 கிலோ. தண்ணீரும் சேர்ந்த துரு பஞ்சுபோல உப்பி, இருந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கிறது. அந்த உப்பல்தான் பெயிண்டை மேலே தூக்கிக் கொப்புளமாக்குகிறது. எனவே கொப்புளத்தை நோயின் தொடக்கம் என்று நினைக்கக்கூடாது. பெரும்பாலும் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வந்த துரு அப்போதுதான் வெளியே எட்டிப் பார்க்கிறது.

தம்பானூரிலிருந்து சங்குமுகம் கடற்கரை சில கிலோமீட்டர்தான். அலை உடையும்போது தெறிக்கும் நுண்திவலைகள் உப்பைச் சுமந்துகொண்டு காற்றில் ஏறுகின்றன. பெரிய திவலைகள் கரையிலேயே விழுந்துவிடும், மிக நுண்ணியவை ஊருக்குள் வரும். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டும்போது பொதுவாக இரும்பு துருப்பிடிக்கும் வேகம் ஏறத் தொடங்குகிறது. தகட்டில் உப்புப் படிந்திருந்தால் அதற்கும் குறைந்த ஈரமே போதும், உப்பு காற்றிலிருந்து தண்ணீரைத் தானே இழுத்துக்கொள்ளும். போதாததற்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் ஊர் இது. காரைக்குடியில் 1948-இல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், பல ஊர்களில் உலோகத் தகடுகளை வெயிலிலும் மழையிலும் வைத்து, எங்கே எவ்வளவு அரிக்கிறது என்று பார்த்து, இந்தியாவுக்கே ஓர் அரிமான வரைபடம் தயாரித்தது. மண்டபத்தில் கடலோரமாகவே அதற்கொரு சோதனை நிலையம் உண்டு. பழைய கார் வாங்க நினைப்பவருக்கு அந்த வரைபடம் சொல்லும் சேதி இதுதான்: ஒரே ஆண்டு, ஒரே மாடல் என்றாலும் உள்நாட்டு வறண்ட ஊரில் கிடந்த வண்டிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். இஞ்சின் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, தகடு நன்றாக இருந்தால் போதும்.

தகட்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதற்கு இதே ஊரின் பேருந்துக் கதை உதவும். திருவிதாங்கூர் அரசின் போக்குவரத்துத் துறை 1938 பிப்ரவரி 20 அன்று தன் முதல் பேருந்தை ஓட்டியது. லண்டன் போக்குவரத்தில் அனுபவம் பெற்ற இ.ஜி. சால்ட்டர் அதன் கண்காணிப்பாளர், அன்று வண்டியை ஓட்டியவரும் அவரே. காமர் சேசிஸும் பெர்க்கின்ஸ் டீசல் இஞ்சினும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. கூடு மட்டும் அவர் மேற்பார்வையில் இங்கேயே கட்டப்பட்டது. அப்படிப்பட்ட வண்டியில் கூடு உளுத்துப்போனால் கழற்றிவிட்டு வேறு கூடு கட்டலாம். பாரம் தாங்குவது சேசிஸ். அம்பாசிடர் அப்படி இல்லை. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்த அந்தக் காரில் தனிச் சேசிஸ் கிடையாது, கூடே எலும்பு. பிரீமியர் பத்மினியும் அதே வகை. கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்னுக்கு ஓடும் பெட்டி போன்ற விட்டமும், தரைத் தகடும், தூண்களும் சேர்ந்துதான் பாரம் தாங்குகின்றன. மழைத்தண்ணீர் புகுந்து தங்குவதும் அந்த விட்டத்துக்குள்தான். அது உளுத்த வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கினால் கதவைச் சரியாகச் சாத்தமுடியாது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு என்பதால் அந்த விஷயத்தில் அது கொஞ்சம் தப்பித்துக்கொள்ளும்.

ஆகவே காசு போகவேண்டிய வரிசை எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. முதல் செலவு பார்ப்பதற்கு. சீட்டையும் விரிப்பையும் கழற்றி, கதவின் உள்தட்டியை எடுத்து, வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் வெளிச்சம் அடித்துப் பார்க்க ஒரு நாள் கூலியைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள். மொத்த வேலைக்கான தொகையை அதற்குப் பிறகு கேளுங்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கையோடு கொண்டுபோங்கள். தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும், பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் வழுக்கி விழும். அடுத்து டிங்கர் வேலை: உளுத்ததை வெட்டி எறிந்து, நல்ல இரும்பு தொடங்கும் இடம்வரை போய்ப் புதுத் தகடு வைப்பது. துருவை மேலாகச் சுரண்டிப் பட்டி பூசினால், காற்று புகாத இடத்தில் ஈரத்தையும் உப்பையும் மூடிவைத்ததாகிறது. எவன்ஸின் துளியை நம் கையாலேயே செய்து வைக்கிறோம் என்று பொருள். இரண்டு மழைக்காலம் தாண்டினால் அதே இடம் மறுபடி கொப்புளிக்கும். பெயிண்ட் கடைசி. வண்டியை முதலில் ஊருக்குக் காட்டவேண்டும் என்ற ஆசையில் பெயிண்டை முதலில் அடித்தவர்கள்தான் இரண்டு முறை காசு கொடுத்தவர்கள். கையிலிருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது தகட்டைத் திறந்தபிறகு தெரியவரும் வேலைக்கென்று தொடாமல் வைத்திருப்பது நல்லது என்பது என் கணிப்பு.

இஞ்சினைப் பற்றித்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். உண்மையில் அதன் செலவைத்தான் முன்கூட்டியே சொல்லமுடியும். சிலிண்டர் தேய்மானத்தை அளந்து பார்க்கலாம். தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு அகலப்படுத்தி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் உதிரிபாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. இங்கே பணத்தைத் தின்பது பாகத்தின் விலையைவிட இஞ்சினை இறக்கி ஏற்றும் கூலி. எனவே ஹெட்டைக் கழற்றும் அன்றே அதில் செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்துவிடுங்கள். அந்தக் கால பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. வால்வு உட்காரும் வார்ப்பிரும்பு விளிம்பில் அது மெல்லியதாகப் படிந்து மெத்தைபோலக் காத்தது. 2000-ஆம் ஆண்டோடு நாடு முழுவதும் ஈயம் நீக்கப்பட்டது, மனித உடலுக்கு அது மிகப்பெரிய நன்மை. பழைய இஞ்சினின் விளிம்போ நீண்ட வேகமான ஓட்டங்களில் மெத்தையில்லாமல் அடிபட்டுத் தேய்கிறது. கடினமான உலோகத்தில் வால்வு சீட் வளையம் போட்டுவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். பழைய ரப்பர் குழாயை அது உப்பவைத்து இளக்கும், தண்ணீரையும் உறிஞ்சும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த டாங்கில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கினால் அங்கேயும் ஒரு துரு வேலை தொடங்கும். எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றுவது பெரிய செலவில்லை, இஞ்சின் சூட்டில் பெட்ரோல் கசிந்தால் வரும் ஆபத்தோ மிகப் பெரியது. பிரேக் எண்ணெயும் ஈரத்தை இழுக்கும். புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் இருக்கவேண்டிய டாட் 3 எண்ணெய், ஈரம் சேர்ந்தபின் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம் என்று தர நிர்ணயமே அனுமதிக்கிறது. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி, மிதித்த பிரேக் தொய்ந்து கீழே போகும். பொன்முடி மலையிலிருந்து இறங்கும்போது அது நடக்கக்கூடாது. காசு எவ்வளவு குறைவாக இருந்தாலும் பிரேக்கில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

சட்டத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும். 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி 50 ஆண்டு கடந்த வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு ஓட்டலாம், அன்றாடப் பயணத்துக்கு முடியாது. கூட்டையோ சேசிஸையோ இஞ்சினையோ பெரிதாக மாற்றியிருந்தால் அந்தத் தகுதி கிடையாது. செலவு குறையும் என்று வேறொரு டீசல் இஞ்சினைப் பொருத்தும் முன் இதை ஒருமுறை யோசியுங்கள்.

இந்த ஊரில் ஒரு கார் எல்லோருக்கும் தெரிந்தது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1950களில் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் 180, எண் சி.ஏ.என். 42. தனிச் சேசிஸ் இல்லாமல் கூட்டையே எலும்பாகக் கொண்டு மெர்சிடிஸ் கட்டிய முதல் கார் வகை அது. துருவுக்கு இடம்கொடுத்தால் மொத்தமும் போய்விடும். உப்புக்காற்றும் இரட்டை மழையும் உள்ள இதே ஊரில், 2013 டிசம்பரில் 91 வயதில் அவர் மறையும்வரை அந்தக் கார் அவரிடம் இருந்தது. அரண்மனையின் வசதி எல்லோருக்கும் இல்லை. ஈரத்தைத் தங்கவிடாமல் பார்த்துக்கொள்ள அரண்மனை தேவையும் இல்லை.

எந்தக் காரின் கதவுக்கும் அடிவிளிம்பில் சிறு ஓட்டைகள் உண்டு, கண்ணாடி வழியே உள்ளே இறங்கும் மழைநீர் வடிவதற்காக. இலைத்துகளும் சேறும் பெயிண்டும் அவற்றை அடைத்துவிடுகின்றன. உங்கள் வீட்டு ஷெட்டில் ஒரு பழைய கார் நிற்கிறதா? இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் ஒரு மெல்லிய கம்பியை எடுத்துக்கொண்டு போய், நான்கு கதவுகளின் அடியையும் குத்திவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அது வெளியே வருகிறதா என்று பாருங்கள்.