டெட்லைன்

டெட்லைன் என்பது ஒரு வேலையை முடித்துத் தர வேண்டிய கடைசி நாளை அல்லது நேரத்தைக் குறிக்கும் ஆங்கிலக் கூட்டுச்சொல் ஆகும். டெட் என்றால் இறந்த. லைன் என்றால் கோடு. தமிழில் கெடு, காலக்கெடு, இறுதி நாள் ஆகிய சொற்கள் இதற்கு இணையாக வழங்குகின்றன.

தோற்றம்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் இச்சொல் நேரத்தைக் குறிக்கவில்லை. சிறை முகாமில் கைதிகள் தாண்டக் கூடாத எல்லையைக் குறித்தது. ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் முகாம் 1864 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதன் மரச்சுவருக்கு உட்புறம் சுமார் 19 அடி தள்ளி, தாழ்வான கட்டை வேலி ஒன்று போடப்பட்டிருந்தது. அதுவே டெட்லைன். அதைத் தாண்டுபவரைச் சுடக் காவலர்களுக்கு அனுமதி இருந்தது.

இங்கு அடைக்கப்பட்ட சுமார் 45,000 பேரில் ஏறத்தாழ 13,000 பேர் இறந்தனர். பெரும்பாலோரின் சாவுக்குக் காரணம் நோயும் போதிய உணவின்மையுமே. போருக்குப் பின் முகாம் தலைவர் ஹென்றி விர்ஸ் விசாரிக்கப்பட்டு, 1865 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டார். அவ்விசாரணையில் இந்த எல்லைக்கோடும் பேசப்பட்டது.

பொருள் மாற்றம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் செய்தித்தாள் அலுவலகங்களில் இச்சொல் காலத்தைக் குறிக்கத் தொடங்கியது. குறித்த நேரத்துக்குப் பின் வரும் செய்தி அன்றைய இதழில் இடம்பெறாது. பின்னர் பள்ளி, அலுவலகம், வணிகம் எனப் பல துறைகளுக்கும் இது பரவியது. உயிரைப் பறித்த கோடு, இன்று விண்ணப்பத்தின் கடைசித் தேதியாகச் சுருங்கிவிட்டது.

பயன்பாடு

ஆங்கிலத்தில் வேலையை உரிய நேரத்தில் முடிப்பதை 'மீட்' என்ற வினையாலும், தவறவிடுவதை 'மிஸ்' என்ற வினையாலும் சொல்வர். இதனைத் தமிழில் "கெடுவைச் சந்தித்தான்" என்று எழுதுவது பொருந்தாது. "கெடுவுக்குள் முடித்தான்", "கெடு தவறியது", "கெடு நீட்டிக்கப்பட்டது" என்பனவே இயல்பான வழக்கு.

டெட்லைன் பெரும்பாலும் காலம் முடியும் புள்ளியைக் குறிக்கும். தமிழ்க் கெடுவோ அப்புள்ளியோடு, அதுவரை தரப்படும் கால அளவையும் குறிக்கும். "பத்து நாள் கெடு கொடுத்தார்" என்பது இதற்கு எடுத்துக்காட்டு.

மருந்து, உணவுப் பொட்டலங்களில் அச்சிடப்படும் நாள் டெட்லைன் அன்று. அது காலாவதி நாள். டெட்லைன் என்பது ஒருவர் செய்து முடிக்க வேண்டிய செயலுக்கே உரியது.