ஐயரும் மௌலவியும் வந்துபோனால் போதுமா?

கொழும்பு கொம்பனித்தெருவில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில், வேகந்த ஜும்ஆப் பள்ளிவாசல், செபமாலை மாதா தேவாலயம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. கங்காராம விகாரையும் கிட்டத்தான். பெரியாஸ்பத்திரியும் வெகு தொலைவில் இல்லை. இங்கே ஒருவர் சாகக் கிடந்தால், திருநீறு பூச ஐயரையோ யாஸீன் ஓத மௌலவியையோ நோயில் பூசுதல் கொடுக்கப் பாதரையோ பிரித் ஓத ஹாமதுருவையோ கூட்டிவர ஒரு முச்சக்கரவண்டி போதும். அப்படியிருக்க, நோயாளரின் ஆன்மிகத் தேவைகளைக் கவனிக்கவென்றே பயிற்சி பெற்று வைத்தியக் குழுவோடு வேலை செய்யும் 'சாப்ளின்' நமக்கெதற்கு என்று கேட்கத் தோன்றும். தேவை என்றுதான் நான் சொல்வேன். பார்வையாளர் நேரத்தில் சனத்துக்கு நடுவே வந்து ஓதிவிட்டுப் போகும் மதகுரு எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்த நோயாளிக்கு இன்று என்ன மருந்து மாறியது, அவர் இரவில் ஏன் தூங்கவில்லை என்பது அந்த மதகுருவுக்குத் தெரிய வழியில்லை.

1967இல் லண்டனில், சாகும் நோயாளரைப் பராமரிக்கும் இடமான சென் கிறிஸ்டோபர்ஸ் ஹொஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ், தாதியாகவும் ஆஸ்பத்திரிச் சமூகப்பணியாளராகவும் இருந்து பிறகு வைத்தியரானவர். சாகும் நோயாளியின் வலியில் உடம்பு நோவு ஒரு பங்குதான். பயம், பிள்ளைகளைப் பற்றிய கவலை, 'எனக்கேன் இது வந்தது' என்ற கேள்வி எல்லாம் அதோடு பின்னிக் கிடக்கின்றன என்பது அவர் கண்டது. வலி தணிக்கும் மோர்ஃபினை வேண்டாம் என்று சொல்லும் நோயாளியை எடுத்துக்கொள்வோம். 'முற்பிறவி வினை, அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும்' என்று ஒருவர் மறுக்கலாம். 'மயங்கிக் கிடந்தால் கடைசி நேரத்தில் கலிமா சொல்ல ஏலாதே' என்று இன்னொருவர் அஞ்சலாம். நோயேட்டில் இரண்டுமே 'மருந்தை மறுத்தார்' என்ற ஒரே வரியாகப் பதிவாகும். சாப்ளின் கதிரையை இழுத்துப் போட்டு, நோயாளியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, ஏன் என்று கேட்கிறார். முதலாமவருக்கு, அவர் மதிக்கும் பெரியவர் ஒருவரை வரவழைத்துக் கதைக்க வைக்கலாம். இரண்டாமவரின் அச்சத்தை வைத்தியரிடம் கொண்டு போகிறார். இயன்றவரை தெளிவு குறையாமல் வலி தணியும்படி அளவை மாற்றிப் பார்க்க அப்போதுதான் வழி பிறக்கிறது. கட்டிலைக் கிப்லாப் பக்கம் திருப்பி வைக்கலாமா என்று தாதியிடம் கேட்பதும் அவர் வேலைதான். மருந்தும் மனமும் சந்திக்கும் இந்த இடத்தில் ஆளில்லாமல் போவதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

இது வெறும் நல்லெண்ணமா, இதற்கு ஆதாரம் உண்டா? அமெரிக்காவில் டிரேசி பல்போனியும் அவரது குழுவினரும் முற்றிய புற்றுநோயாளர் 230 பேரிடம் கேட்டு 2007இல் வெளியிட்ட ஆய்வில், 72 வீதமானோர் தங்கள் ஆன்மிகத் தேவைகளை மருத்துவத்துறை கொஞ்சமாகவே கவனித்தது, அல்லது கவனிக்கவே இல்லை என்றனர். அதே குழுவினர் 343 பேரை வைத்து 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது. மதச்சமூகத்தின் ஆதரவு அதிகம் கிடைத்தவர்கள் ஹொஸ்பிஸ் பராமரிப்பைக் குறைவாகவே பெற்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இறப்பதும் அவர்களிடையே கூடுதலாக இருந்தது. வெளியிலிருந்து வருபவர் நம்பிக்கை ஊட்டுவார். நோய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியாது. காரணம் இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் அதே ஆட்களில் வைத்தியக் குழுவும் ஆன்மிக ஆதரவு கொடுத்தவர்களிடம் இந்தப் போக்கு மாறியது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வுதான், காரணத்தை நிறுவுவதில்லை. அமெரிக்க அனுபவத்தைக் கொழும்புக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. ஆனாலும் ஆதரவு எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம் என்று அது சொல்வதை ஒதுக்கிவிட முடியாது.

சாகக் கிடப்பவரிடம் மதமாற்றம் நடக்கும் என்ற பயம் இந்த நாட்டில் லேசானதல்ல. அதனால்தான் பயிற்சியும் கட்டுப்பாடும் உள்ள ஆள் வேண்டும் என்கிறேன். அன்ரன் போய்சன் 1925இல் அமெரிக்காவின் வூஸ்டர் மனநோய் ஆஸ்பத்திரியில் இறையியல் மாணவர்களை நோயாளரிடமே அனுப்பிப் படிக்க வைத்ததிலிருந்து சாப்ளின்களுக்கான முறையான பயிற்சி வளர்ந்தது. தன் மதத்தை நோயாளிமேல் திணிக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலின் ஒழுக்க விதி. நெதர்லாந்தில் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு மனிதநேயத் துணையாளர்களே இருக்கிறார்கள். இன்னொரு ஆட்சேபம் பணம்: முதலில் மோர்ஃபின் கிடைக்கட்டும் என்பார்கள். அது நியாயம்தான். நோய்த்தணிப்புப் பராமரிப்புத் தேவைப்படுவோர் உலகில் வருடத்துக்கு 5 கோடியே 68 இலட்சம் பேர், அது கிடைப்பது 14 வீதமானோருக்கே என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. வலியில் துடிப்பவரோடு ஆன்மிகம் கதைப்பது கொடுமை. ஆனால் மருந்து வந்தபிறகும் அதை மறுப்பவருக்கு யார் பதில் சொல்வது?

நமது சுகாதார அமைச்சு நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென 2019–2023 காலத்துக்கு ஒரு தேசியச் செயற்திட்டச் சட்டகத்தை வகுத்தது. மஹரகமவில் புற்றுநோய் ஆஸ்பத்திரியும், இலங்கைப் புற்றுநோய்ச் சங்கத்தின் சாந்த செவண ஹொஸ்பிஸும் இருக்கின்றன. கோயில் தர்மகர்த்தாக்களும் பள்ளிவாசல் நிர்வாகமும் பங்குச் சபையும் விகாரைச் சபையும் ஆளுக்கு இருவரையாவது இத்தகைய இடங்களுக்கு அனுப்பி, நோயாளரோடு எப்படிக் கதைப்பது என்று பழக்க முன்வர வேண்டும். அதுவரை வீட்டார் ஒன்றைச் செய்யலாம். நோயாளியை வாட்டில் சேர்க்கும் நாளிலேயே, அவருக்கு எந்த வழிபாடு முக்கியம், யாரைப் பார்க்க ஆசைப்படுகிறார், எதற்குப் பயப்படுகிறார் என்று அவரிடமே கேட்டு, தாதியிடம் சொல்லி எழுதி வைக்கச் சொல்லுங்கள்.