கோர்ட் படியேறும் வழக்கு – 9: பன்னிரண்டு பேர் எங்கே?

கிளென்மார்கனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “அமெரிக்கப் படங்களில் பன்னிரண்டு பேர் ஒரு பக்கமாக உட்கார்ந்து கேட்கிறார்கள், உள்ளறைக்குப் போய்ப் பேசுகிறார்கள், வந்து தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார்கள். படம் முடிவதற்குள் கேஸும் முடிகிறது. நம்ம ஊட்டி கோர்ட்டில் கொடநாடு கேஸ் மட்டும் ஏன் முடியவே மாட்டேன் என்கிறது?”

முதலில் அந்தப் பன்னிரண்டு பேரைப் பார்த்துவிடுவோம். அவர்கள்தான் ஜூரி. அங்கே அது உண்டு, ஆனால் அபூர்வம். அமெரிக்க மத்திய நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்படுகிறவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்கூட முழு விசாரணை வரை போவதில்லை. சுமார் தொண்ணூறு பேர் அதற்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். கைதானவரை நீதிபதி முன் நிறுத்துவார்கள். பெருங்குற்றம் என்றால் 16 முதல் 23 குடிமக்கள் கொண்ட பெரிய ஜூரி, வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறதா என்று ரகசியமாகக் கூடிப் பார்க்கும். அதன்பிறகு நடப்பதெல்லாம் பேரம்தான். ‘இந்தப் பிரிவை ஒப்புக்கொள், அந்தப் பிரிவை விட்டுவிடுகிறேன்’ என்பார் அரசு வழக்கறிஞர். ஒத்துக்கொள்ளாமல் விசாரணையில் தோற்றால் பல மடங்கு தண்டனை வரும் என்ற பயம் மிச்ச வேலையைச் செய்துவிடும். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனவர்களும் அங்கே இருக்கிறார்கள். அங்கே வேகம் இருப்பது உண்மை. அதற்குக் கொடுக்கும் விலை இது.

நம் நாட்டிலும் ஜூரி இருந்தது. 1959-இல் பம்பாயில் ஒரு கொலை வழக்கில் கடற்படை அதிகாரி நானாவதியை எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜூரி குற்றவாளி இல்லை என்றது. நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார், அங்கே தண்டனை ஆனது. அந்த வழக்கால்தான் ஜூரி ஒழிந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் சட்ட ஆணையம் 1958-லேயே அதை எடுத்துவிடச் சொல்லிவிட்டது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போனது.

இனி கொடநாடு. இந்த வழக்கின் எஃப்.ஐ.ஆர். பதிவானது கோத்தகிரிப் பக்கம் இருக்கும் சோலூர்மட்டம் காவல் நிலையத்தில்.

2017 ஏப்ரல் 23 நள்ளிரவு தாண்டி ஒரு கும்பல் மறைந்த முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவின் கொடநாடு எஸ்டேட்டுக்குள் புகுந்தது. கேட்டில் காவலுக்கு நின்ற நேபாளித் தொழிலாளி கை கால் கட்டப்பட்டுக் கொல்லப்பட்டார். இன்னொரு காவலாளி காயத்தோடு தப்பினார். போலீஸ் கணக்குப்படி பங்களாவிலிருந்து போனவை சில கைக்கடிகாரங்களும் ஒரு கிரிஸ்டல் காண்டாமிருகமும். ஒரு உயிரை எடுத்துவிட்டு ஒரு காண்டாமிருகப் பொம்மையா என்று அன்று கேட்காத டீக்கடை நீலகிரியில் கிடையாது. அந்தக் கேள்விதான் இன்றுவரை வழக்கை இழுத்துக்கொண்டிருக்கிறது.

வழக்கு நடக்கும் முறை ஒன்றும் சிக்கலானது அல்ல. கைதான 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி ரிமாண்ட். கொலை வழக்கு என்றால் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை; தாக்கல் செய்யாவிட்டால் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, ஜாமீன் உரிமையாகிவிடும். செஷன்ஸ் கோர்ட் விசாரிக்க வேண்டிய வழக்கு என்பதால் மாஜிஸ்திரேட் வழக்குக் கட்டை அங்கே அனுப்பிவைப்பார். குற்றச்சாட்டு வனைவு, சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை, எதிரியிடம் நேரடிக் கேள்வி, இருதரப்பு வாதம், தீர்ப்பு. எல்லாவற்றையும் ஒரே நீதிபதி கேட்டு, காரணம் எழுதித் தீர்ப்பளிக்க வேண்டும். அமெரிக்க ஜூரி காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் விடுதலை என்று சொல்லிவிட்டால் அரசு அப்பீல் போகவும் முடியாது. இங்கே போகலாம்.

கொடநாட்டில் இந்தப் பாதை ஆரம்பத்திலேயே இடறியது. முக்கிய எதிரி என்று போலீஸ் சொன்னவர் ஜெயலலிதாவின் முன்னாள் ஓட்டுநர். சம்பவம் நடந்து சில நாளிலேயே ஆத்தூர் அருகே சாலை விபத்தில் இறந்தார். எதிரி இறந்தால் அவர்மீதான வழக்கு அத்தோடு முடிந்தது; அவர் சொல்லியிருக்கக்கூடியதும் முடிந்தது. அதே சமயத்தில் இன்னொரு எதிரியின் கார் கேரளத்தில் விபத்துக்குள்ளாகி, அவர் மனைவியும் மகளும் இறந்தார்கள். ஜூலையில் எஸ்டேட்டின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் இறந்துகிடந்தார்.

இருந்தும் விசாரணை ஊட்டியில் ஓடியது. மிச்சமிருந்த எதிரிகளில் பெரும்பாலோர் கேரளக்காரர்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலையேறி வர வேண்டும். டவாலி வழக்கு எண்ணைச் சொல்லிப் பெயர் கூப்பிட, ஆஜர் சொல்லிவிட்டு அடுத்த தேதி வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். ஒரு சாட்சி வரவில்லை என்றாலும், ஒரு வக்கீல் அவகாசம் கேட்டாலும் அன்றைய பொழுது அவ்வளவுதான்.

பல சாட்சிகளை விசாரித்த பிறகு, ஆட்சி மாறிய 2021-இல் காவல்துறை மேல்விசாரணையில் இறங்கியது. அதை நிறுத்தக் கோரி ஒரு சாட்சி சென்னை உயர் நீதிமன்றம் போனார், பிறகு உச்ச நீதிமன்றம் போனார். இரண்டும் தலையிட மறுத்தன. 2022-இல் வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்கு மாறியது. இந்த மேல்விசாரணையில் ஜெயலலிதாவின் தோழி சசிகலா உட்படப் பலர் விசாரிக்கப்பட்டார்கள்.

வாசகரின் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. ஜூரி இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. குற்றப்பத்திரிகை தாக்கல் ஆன பிறகும் மேல்விசாரணை செய்ய அனுமதிக்கும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(8) என்ற உட்பிரிவுக்குக் கெடு எதுவும் இல்லை. உட்பிரிவு நியாயமானது. முதல் விசாரணை அரைகுறை என்று சந்தேகம் வந்தால், செத்தவருக்காக அதைத் திறக்கத்தான் வேண்டும். ஆனால் திறந்தவர்கள் எப்போது மூடுவார்கள் என்று சட்டம் கேட்கவில்லை. அமெரிக்க மத்திய நீதிமன்றங்களில் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றச்சாட்டு தாக்கலாகி 70 நாளில் விசாரணை தொடங்க வேண்டும். அதற்கும் விலக்குகள் நிறைய உண்டு, ஆனாலும் கணக்கு வைக்க ஒரு எண் இருக்கிறது.

நமக்கும் இப்போது ஒரு எண் வந்திருக்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193-ஆம் பிரிவுப்படி, விசாரணை நடக்கும்போது மேல்விசாரணைக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். 90 நாளில் முடிக்க வேண்டும். நீட்டிக்கவும் நீதிமன்றத்திடம்தான் கேட்க வேண்டும். ஏற்கெனவே நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய சட்டப்படியே தொடரும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. கொடநாடு வழக்கு அந்தப் பழைய கணக்கில்தான் இருக்கிறது.

அடுத்த வாரம்: பிறழ் சாட்சி.