முதற்கவளம் எதுவாக இருக்கட்டும்?

அண்மையில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டு மருமகளுக்கு வயது இன்னும் நாற்பதை எட்டவில்லை. உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு நான்கு திங்கள் கடந்திருந்தன. 112 கிலோவாக இருந்த எடை 86 கிலோவுக்கு இறங்கியிருந்தது. நீரிழிவு மாத்திரையும் பாதியாகக் குறைந்துவிட்டது. அண்டை வீட்டார் வியந்து பேசினர். ஆயினும் அப்பெண்ணின் முகத்தில் மலர்ச்சி இல்லை. தலை வாரினால் முடி கொத்தாக உதிர்கிறது. படியேறினால் மயக்கம் வருகிறது. ஒரு குடம் நீரைத் தூக்கவும் கையில் வலுவில்லை.

"நாள்தோறும் என்ன உண்கிறீர்கள், அம்மா?" என்று வினவினேன். காலையில் அரைக் கிண்ணம் கஞ்சி. நண்பகலில் குழைந்த ரசச்சோறு நான்கைந்து கரண்டி. மாலையில் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும். இரவில் பால் ஊற்றிய ஓர் இடியாப்பம். அருகில் நின்ற மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "சாமி, வயிற்றை அறுத்த பிள்ளை என்று எல்லாவற்றையும் பத்தியமாய்க் குழையக் குழையச் செய்து கொடுத்தேன். நான் என்ன குறை வைத்தேன்?" என்றார்.

அன்பில் ஒரு குறையும் இல்லை. கணக்கில்தான் குறை இருந்தது. அந்தக் கணக்கு என்ன என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நன்று. இவ்வகை அறுவைச் சிகிச்சை இன்று நம் நகரங்களில் பரவலாக நடைபெறுகிறது. அறுவை முடிவதற்குச் சில மணி நேரமே ஆகும். அதன் பின்னர் வரும் உணவு வாழ்க்கையோ ஆயுள் முழுவதும் நீடிப்பது. அது நிகழ்வது மருத்துவமனையில் அன்று, நம் அடுக்களையில்.

அறுவையால் நிகழ்வது என்ன?

அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் 1966ஆம் ஆண்டு எட்வர்ட் மேசன் என்னும் மருத்துவர் தம் துணைவர் இட்டோவுடன் சேர்ந்து, பருமனுக்காக 'இரைப்பை பைபாஸ்' முறையை முதன்முதலில் செய்தார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்கள் உடல் மெலிந்தே இருந்ததைக் கண்டதே அவருக்கு வழிகாட்டியது. பின்னர் பல திருத்தங்கள் நேர்ந்தன. இன்று இரு முறைகள் மிகுதியாகக் கையாளப்படுகின்றன.

'ஸ்லீவ்' என்னும் முறையில் இரைப்பையின் நான்கில் மூன்று பங்கோ அதற்குச் சற்று மேலோ வெட்டி அகற்றப்படுகிறது. எஞ்சுவது வாழைக்காய் போன்ற ஒரு குறுகிய குழாய். 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் மட்டுமே கொள்ளும் ஒரு சிறு பை அமைக்கப்பட்டு, சிறுகுடலின் கீழ்ப்பகுதி அதனுடன் இணைக்கப்படுகிறது. உணவு, குடலின் முதற்பகுதியைத் தொடாமலே கடந்துவிடும். பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்னும் சுரப்பை 1999இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்தனர். அது மிகுதியாகச் சுரப்பது இரைப்பையின் மேற்பகுதியில். ஸ்லீவ் முறையில் அப்பகுதி நீங்கிவிடுவதால் பசியும் தணிகிறது.

ஆகவே உண்ணும் அளவு சுருங்குகிறது. ஆனால், உடலின் தேவை அதே அளவில் சுருங்குவதில்லை. பத்துப் பேர் அமரும் திண்ணையில் இருவருக்கே இடம் என்றால், யாரை முதலில் அமர்த்துவது என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா? அறுவைக்குப் பிந்திய உணவு முறையின் சாரம் இதுவே.

முதலிடம் புரதத்திற்கு

உணவு குறையும்போது உடல் தன் சேமிப்பை எரிக்கிறது. கொழுப்பு மட்டும் எரிந்தால் நன்று. புரதம் போதிய அளவு கிடைக்காவிடில், தசையையும் உடல் கரைத்துவிடுகிறது. தராசில் எடை குறைந்ததாகத் தோன்றும். உண்மையில் குறைந்தது வலிமை. தசை குன்றினால் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலும் குன்றும். இழந்த எடை மீண்டும் எளிதாக ஏறிவிடும். அறுவைக் காயம் ஆறுவதற்கும், நோயை எதிர்ப்பதற்கும், முடி வளர்வதற்கும் புரதமே மூலப்பொருள். விரைந்த எடைக் குறைவினாலேயே மூன்றாம் திங்கள் முதல் ஆறாம் திங்கள் வரை ஓரளவு முடி உதிர்வது இயல்பு. புரதமும் இரும்பும் குறைந்தால் அது மிகுகிறது.

நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பொது அறிவுரை. பலருக்கு 80 கிராம் வரையும் தேவைப்படலாம். சிறுநீரக நோய் உடையோருக்கு அளவு வேறு. அதனை மருத்துவரே வகுக்க வேண்டும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிண்ணம் சோற்றில், அதாவது சுமார் 150 கிராமில், உள்ள புரதம் ஏறத்தாழ 4 கிராம். சோற்றைக் கொண்டே 60 கிராம் பெறவேண்டுமெனில் நாளுக்குப் பதினைந்து கிண்ணம் உண்ணவேண்டும். புதிய இரைப்பையோ முதற்சில திங்களில் ஒரு வேளைக்கு அரைக் கிண்ணத்தையே ஏற்கும். நாம் கண்ட மருமகளின் நாள் உணவு முழுவதையும் கூட்டினாலும் புரதம் 20 கிராமைத் தாண்டாது.

இதையே வேறு வகையில் அமைத்துப் பாருங்கள். இரண்டு முட்டை 12 கிராம். பால் 250 மில்லிலிட்டர் 8 கிராம். முள் நீக்கிய மீன் 100 கிராம் அளவு 20 கிராம். பருப்பு 30 கிராம் வேகவைத்தால் 7 கிராம். உலர்ந்த சோயா உருண்டை 20 கிராம் ஊறவைத்துச் சமைத்தால் 10 கிராம். தயிர் 100 கிராம் 3 கிராம். கூட்டினால் 60. மரக்கறி உண்போர் மீனுக்குப் பதிலாக 75 கிராம் பன்னீரும் 30 கிராம் கொண்டைக்கடலையும் சேர்த்தால் ஏறத்தாழ அதே அளவு கிடைக்கும். இவற்றில் எதுவும் கிட்டாப் பொருள் அன்று. ஒரே வேளையில் உண்ண இயலாது. ஐந்தாறு வேளையாகப் பிரித்தே உண்ணவேண்டும். தொடக்க நாள்களில் மருத்துவர் சொன்னால் புரதப் பொடியும் துணைக்கு வரலாம்.

அடுத்த இடம் காய்கறிக்கு

புரதத்திற்கு அடுத்தபடி காய்கறி. இந்த அறுவைக்குப் பின் மலச்சிக்கல் பலரை வருத்துகிறது. நார்ச்சத்தும் போதிய நீருமே அதற்கு முறிவு. குறைந்த ஆற்றலில் நிறைந்த தாதுக்களைத் தருவதும் காய்கறிகளே. சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், பூசணி, காரட், அரைத்து மசித்த கீரை ஆகியவை மென்மையானவை. வாழைத்தண்டு, முருங்கைக்காயின் சக்கை, முற்றிய கீரைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல் ஆகியவற்றைத் தொடக்கத்தில் தவிர்க்கவேண்டும். நார் திரண்டு, குறுகிய இரைப்பையில் அடைத்துக்கொள்ளக்கூடும். பச்சைக் காய்கறியை உண்ணச் சில திங்கள் பொறுத்திருப்பது நல்லது.

சோறு பகையா?

மாவுச்சத்து நமக்குப் பகையன்று. மூளைக்கும் உழைப்புக்கும் அது வேண்டியதே. ஆனால், அது மூன்றாவதாக வந்து அமரவேண்டிய விருந்தாளி. சிறு தட்டொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாதியில் புரதம், மறுபாதியில் பெரும்பகுதி காய்கறி, எஞ்சிய சிறு இடத்தில் இரண்டு மூன்று கரண்டிச் சோறோ, பாதிச் சப்பாத்தியோ, ஓர் இட்லியோ. முதற்கவளம் முட்டையாகவோ மீனாகவோ பருப்பாகவோ இருக்கட்டும். பிறகு காய்கறி. வயிற்றில் இடம் இருந்தால் சோறு. இல்லையெனில் அதை விட்டுவிடலாம்.

சர்க்கரை கலந்த பானம், இனிப்பு, பாயசம் ஆகியவற்றில் தனி ஆபத்து உண்டு. குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்குச் சர்க்கரை விரைந்து சிறுகுடலில் பாய்ந்து, அங்கே நீரை இழுக்கிறது. நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு வலித்துப் பேதியாகும். ஓரிரு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கமும் வரலாம். தேநீரில் நனைத்த பிஸ்கட், முறுக்கு, மிக்சர் முதலியவை வேறு வகையில் தீங்கு செய்கின்றன. அவை எளிதில் நழுவி இறங்குவதால் வயிறு நிறைந்த உணர்வே தோன்றாது. அறுவை செய்தும் சில ஆண்டுகளில் எடை மீண்டும் கூடியதென்று வருந்துவோரில் பலர் வழுக்கியது இந்த மாலை நேரத் தட்டில்தான்.

உண்ணும் முறை

முதல் இரு வாரம் நீர்மம். அடுத்து மசித்த உணவு. பின் மென்மையான உணவு. ஏறத்தாழ இரு திங்களுக்குப் பின் வழக்கமான உணவு. மருத்துவமனைக்கு மருத்துவமனை இது சிறிது வேறுபடும். சிகிச்சை செய்தவர் சொல்வதையே பின்பற்றுக.

ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும்வரை மென்று, இருபது முப்பது நிமிடம் எடுத்துக்கொண்டு உண்க. உணவோடு நீர் அருந்தலாகாது. உண்டபின் அரை மணி நேரம் கழித்துப் பருகுக. நாள் முழுவதும் சிறுகச் சிறுக ஒன்றரை லிட்டர் நீராவது உட்செல்ல வேண்டும். 'போதும்' என்று வயிறு சொன்ன பின் ஒரு கவளமும் மிகுதியே.

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் மருத்துவர் சொன்னபடி உட்கொள்ள வேண்டும். உணவு எவ்வளவு சீராக இருந்தாலும் இவை குறைந்தே தீரும். இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளியிட்டு உண்க. இரும்பு மாத்திரையோடு தேநீர் வேண்டாம். தொடர்ந்து வாந்தி இருந்தால் 'சரியாகிவிடும்' என்று காத்திருக்காதீர்கள். உடலில் தயமின் என்னும் பி1 வைட்டமினின் இருப்பு சில வாரங்களுக்கே போதும். அது தீர்ந்தால் நரம்பும் மூளையும் மீளாச் சேதம் அடையலாம்.

ஒருசந்தி பற்றி ஒரு சொல்

தவக்காலம் நாற்பது நாளும் மீன், முட்டை முதலியவற்றைத் தொடாமல் இருப்பது நம் இல்லங்களில் பலரின் வழக்கம். அறுவை செய்துகொண்டவர்களும் அவ்வாறே இருக்க முற்படுகின்றனர், வீட்டாரும் வற்புறுத்துகின்றனர். ஒருசந்திச் சட்டம் நோயுற்றோரைக் கட்டுவதில்லை. சுத்தபோசனச் சட்டம் இறைச்சியைத்தான் விலக்குகிறது. முட்டையையும் பாலையும் மீனையும் அன்று. ஆதலால் உடல் தேறும் காலத்தில் ஒரு முட்டையை உண்பதற்கு எவரும் மனம் குன்றவேண்டியதில்லை. ஒறுத்தல் செய்ய விரும்புவோர் மாலைப் பிஸ்கட்டை ஒறுக்கலாம்!

வீட்டார் செய்யவேண்டியது

நம் மரபில் அன்பைச் சோற்றால் அளக்கிறோம். 'இன்னும் ஒரு பிடி' என்று இலையில் வைப்பதே நமக்கு உபசரணை. அறுவை செய்துகொண்டவருக்கு அந்த ஒரு பிடியே வாந்தியாகும். அவர் இலையில் மிச்சம் வைத்தால் மனம் கோணாதீர்கள். திருமண வீட்டில் 'ஏன் உண்ணவில்லை?' என்று பலர்முன் கேளாதீர்கள். அவருக்கென்று தனி உலை தேவையில்லை. மீன் குழம்பும் பருப்பும் கீரையும் வைக்கும் வீட்டில், எதை முதலில் பரிமாறுவது என்பதை மாற்றினால் போதும். அந்த மாற்றம் வீட்டிலுள்ள மற்றவர்க்கும் நன்மையே தரும்.

மீண்டும் அந்த இல்லத்திற்கு வருகிறேன். மருமகளை உணவியல் வல்லுநரிடம் அழைத்துச் சென்றார்கள். இரத்தச் சோதனையில் இரும்புச்சத்துக் குறைவும் வெளிப்பட்டது. அதற்கு மருந்து தொடங்கினர். மாமியார் சுவரில் ஒரு தாளை ஒட்டி, நாள்தோறும் புரதக் கணக்கை எழுதத் தொடங்கினார். ஆறு திங்கள் கழித்துச் சென்றபோது அப்பெண் தாமே கிணற்றடியிலிருந்து குடத்தை இடுப்பில் ஏந்தி வந்தார். "இப்போது கஞ்சி இல்லையா, அம்மா?" என்று மாமியாரைக் கேட்டேன். "இருக்கிறது, சாமி. ஆனால் நெத்திலிக்குப் பிறகுதான்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.