விறகு மலிவு, புகையின் விலை என்ன?

இடியப்பம், பிட்டு, ரோல்ஸ், பகல் சோற்றுப் பார்சல் என்று நமது ஹோட்டல்களிலும் தேநீர்க் கடைகளிலும் விற்பனையாகும் பண்டங்களில் ஒரு பகுதி வீட்டுக் குசினிகளிலிருந்தே வருகின்றது. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் பெண்களின் உழைப்பிலேயே பல கடைகளின் காலை வியாபாரம் தங்கியிருக்கின்றது. அந்த அடுப்புகளில் பல இன்னும் விறகடுப்புகளே.

2012ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின்படி நமது நாட்டுக் குடும்பங்களில் முக்கால் பங்குக்கும் அதிகமானவை விறகிலேயே சமைத்தன. பின்னர் காஸ் பாவனை பரவியது. எனினும் 2021 ஒக்டோபர் ஆரம்பம் வரை 1,500 ரூபாவுக்கும் குறைவாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவைத் தொட்டது. தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, நகரத்து வீடுகளிலும் விறகடுப்பு மீண்டும் புகையத் தொடங்கியது.

விறகு மலிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு செலவு எழுதப்படுவதில்லை. அது புகையின் செலவு.

புகை செய்யும் வேலை

விறகுப் புகையில் தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்கும் இல்லாத நுண்துகள்கள் உள்ளன. மூக்கோ தொண்டையோ இவற்றைத் தடுப்பதில்லை. நுரையீரலின் அடிவரை சென்று இரத்தத்திலும் கலக்கின்றன. காற்றோட்டம் குறைந்த வீடுகளில் இத்துகள்களின் அளவு, ஏற்கத்தக்க அளவைப்போல் 100 மடங்கு வரை இருக்கலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது.

வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் மாத்திரம் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக அதே ஸ்தாபனம் கணித்துள்ளது. இவர்களில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். இருமலும் மூச்சடைப்பும் மட்டுமே இதன் விளைவு என எண்ண வேண்டாம். இம்மரணங்களில் பாதிக்கு மேல் மாரடைப்பு போன்ற இருதய நோயாலும் பாரிசவாதத்தாலும் ஏற்பட்டவை. வாழ்நாளில் ஒரு சிகரெட்டையும் தொடாத பெண்ணுக்கு, புகைப்பவரின் நுரையீரல் நோய் வருவதும் இதனாலேயே.

மண்ணெண்ணெய் இதற்கு மாற்றாகாது. வீடுகளில் அதைப் பயன்படுத்துவதைத் தவிர்க்குமாறே 2014இல் ஆலோசனை வழங்கப்பட்டது. சிரட்டைக் கரியில் புகை குறைவு. ஆனால் மூடிய அறையில் அது வெளியிடும் காபனோரொட்சைட்டு வாயு, கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியாமலே உயிரைப் பறிக்கும்.

செய்யக்கூடியவை

காஸும் மின்சாரமும் கட்டுப்படியானால் அதுவே சிறந்தது. முழுவதும் மாற முடியாதவர்கள் சோற்றை ரைஸ் குக்கருக்கு மாற்றினாலே அடுப்படியில் நிற்கும் நேரம் குறையும்.

விறகை விட முடியாதோர், அதைப் பிளந்து, நன்றாகக் காயவைத்து எரிக்க வேண்டும். ஈர விறகே அதிகம் புகையும். கூரைக்கு மேல் உயரும் புகைக்கூடும், எதிரெதிரே இரண்டு திறப்புகளும் அவசியம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

1980களில் நமது நாட்டில் உருவான ‘அனகி’ எனும் இரட்டைக் களிமண் அடுப்பு விறகை மிச்சப்படுத்தும். குயவரும் கடைக்காரரும் அதில் இலாபம் கண்டதால்தான் அது ஊர் ஊராகப் பரவியது. ஆயினும் அதற்குப் புகைக்கூடு கிடையாது. அடுப்பை மட்டும் மாற்றிவிட்டு, புகை வெளியேற வழி வைக்காவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

வர்த்தகர்களின் பங்கு

ஹாட்வெயார் வைத்திருப்போர் தகரக் குழாயையும் மூடியையும் தனித்தனியே விற்காமல், பொருத்தும் கூலியுடன் ஒரே விலைக்குக் கொடுத்துப் பார்க்கலாம். வீட்டுப் பண்டங்களை வாங்கி விற்போர், புகைக்கூடு அமைக்க முற்பணம் கொடுத்து, அதை வாராவாரம் சிறு தொகையாகக் கழித்துக்கொள்ளலாம். இது தர்மமாக மட்டும் நின்றுவிடாது. பண்டம் தருபவர் நோயில் விழுந்தால் காலையில் உங்கள் கண்ணாடி அலுமாரியும் வெறுமையாகவே இருக்கும்.

கடைக்கு மேசை, குளிர்சாதனப்பெட்டி வாங்குவதை நாம் முதலீடு என்று எழுதுகின்றோம். அடுப்புக்கு மேலே வைக்கும் புகைக்கூட்டையும் அதே பக்கத்தில் எழுதுவதே சரியான கணக்கு.