கற்பறவையின் விலை

பன்னெடுங் காலத்திற்கு முன்னர் இவ்வுலகில் வாழ்ந்து மாண்ட விலங்குகளும் மரஞ்செடிகளும் தம் உருவமாதல் சுவடாதல் கல்லில் நிலைபெற நிற்பின், அவற்றைப் புதைபடிவங்கள் என்பர். பாசில் என்பது ஆங்கில வழக்கு. இறந்த உடல் விரைவிற் சேற்றாலாவது மணலாலாவது மூடப்பெற்றுப் பிற உயிர்கள் தீண்டாவண்ணம் கிடக்குமாயின், மெல்லிய பகுதிகள் அழுகியொழிய, எலும்பும் ஓடும் எஞ்சும். நீரிற் கரைந்த தாதுக்கள் அவற்றின் நுண்டுளைகளிற் புகுந்து நிறைந்து நாளடைவில் அவற்றைக் கல்லாக்கிவிடும். இவ்வளவும் பாடநூல்களில் உள்ளதே. யாம் ஈண்டுக் கூறப் புகுந்தது, அங்ஙனம் கல்லான பொருள், கண்டெடுத்தார் கையினின்று ஆராய்வார் கைக்குச் சென்று சேரும் வழியைப் பற்றியாகும். அவ்வழி பெரும்பாலும் கடைத்தெரு வழியாகவே சென்றுள்ளது என்பது மாணவ நண்பர் பலர்க்கு வியப்பளிக்கலாம்.

ஜெர்மனி நாட்டுப் பவேரியாப் பகுதியில் சோல்ன்ஹோபென் என்றோர் ஊர் உளது. அவ்வூரைச் சூழ்ந்த கற்குழிகளில் வெண்மஞ்சள் நிறமான சுண்ணாம்புக்கல், ஏட்டின்மேல் ஏடு அடுக்கினாற்போலக் கிடைக்கும். 1796-ஆம் ஆண்டில் அலாய்ஸ் செனபெல்டர் என்பார் கல்லச்சு முறையைக் கண்டறிந்தபின், இந்நுண்ணிய கல்லுக்கு உலகெங்கும் தேவை மிகுந்தது. லித்தோ அச்சு என்று நம் நாட்டில் வழங்கிய முறை இதுவே. அச்சுக்கு உதவும் பலகையில் கீறலோ கறையோ இருத்தலாகாது. ஆதலின் தொழிலாளர் ஒவ்வோர் ஏட்டையும் கையாற் பிளந்து கண்ணாற் பார்த்தனர். அங்ஙனம் பார்த்தமையாலேயே, ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகட்குமுன் அங்கிருந்த உப்பு மிக்க காயலின் அடியில் வீழ்ந்து அடங்கிய தும்பியின் சிறகு நரம்பும், மீனின் செதிலும், இறாலின் மீசையும் வெளிப்பட்டன. அச்சுக்கூடத்தார் கல் வேண்டாதிருந்தால் அக்குழிகளில் அத்துணை ஆழம் தோண்டியிருப்பார் யார்?

1861-ஆம் ஆண்டில் அங்குக் கிடைத்த ஓர் எலும்புக்கூடு அறிஞருலகைக் கலக்கியது. சிறகும் இறகும் பறவைக்குரியன. எலும்புகள் கோத்த நெடுவாலும் சிறகின் நுனியில் அமைந்த நகங்களும் ஊர்வனவற்றிற்குரியன. இதனை ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்பர். உயிரினங்கள் ஒன்றினின்று ஒன்றாக மாறித் தோன்றின என்னும் டார்வினுடைய நூல் 1859-இல் வெளிவந்து ஈராண்டே கழிந்திருந்தது. ஓரினத்திற்கும் மற்றோரினத்திற்கும் இடைப்பட்ட வடிவம் எங்கே என்று அவரை வினவியவர்கட்கு இக்கல் விடையாக வந்தது எனலாம்.

அக்கல் சேர்ந்த இடமோ ஒரு மருத்துவர் வீடு. பாப்பென்ஹைம் என்னும் ஊரில் மருத்துவராயிருந்த கார்ல் ஹேபர்லைன் என்பார், நோய்க்கு மருந்து பெற்ற கற்குழித் தொழிலாளர் கையிற் காசில்லாதபோது, அவர்கள் கண்டெடுத்த படிவங்களைக் கூலியாகப் பெற்றுக்கொள்வது வழக்கம். அவர் இதனைக் காண வந்தோர்க்குக் காட்டினார். ஆனால் படம் வரைய விட்டாரல்லர். விலைபோகவேண்டிய பொருளைப் பலரும் வரைந்து சென்றுவிட்டால் வாங்குவார் ஆர்வம் குன்றும் என்பதை அவர் நன்கறிவார் போலும்! இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த ரிச்சர்டு ஓவன் இச்செய்தி கேட்டு ஆளனுப்பிப் பேரம் பேசி, 1862-இல் இதனையும் இதனோடிருந்த ஏனைய படிவத் தொகுதியையும் 700 பவுன் கொடுத்து வாங்கினார். அப்பணம் மருத்துவர் மகளின் சீதனத்திற்கு உதவியது என்பர். சீதனக் கவலை நம் நாட்டுத் தந்தையர்க்கே உரியது என எண்ணியிருப்பார் இதனை நோக்குவாராக.

இரண்டாவது கூட்டின் வரலாறு இதனினும் சுவையுடைத்து. 1870-களில் அதனைக் கண்ட உழவர், ஒரு பசு வாங்குதற்கு வேண்டிய தொகைக்கு அதனை விடுதிக்காரர் ஒருவர்க்கு விற்றார் என்று கூறுவர். விடுதிக்காரரிடமிருந்து அதனைப் பெற்றவர் முன் சொன்ன மருத்துவரின் மைந்தர் எர்ன்ஸ்ட் ஹேபர்லைன். முடிவில், மின்பொறித் தொழிலாற் புகழ்பெற்ற வெர்னர் சீமென்ஸ் 20,000 மார்க்குப் பொருளுதவி செய்ய, அது பெர்லின் நகர்க் காட்சிச்சாலையை அடைந்தது. தலையும் பல்லும் தெளிவாக அமைந்த அக்கூடே படங்களில் நாம் மிகுதியும் காண்பது. பசுவின் விலைக்கும் 20,000 மார்க்குக்கும் இடைப்பட்ட ஊதியத்தில், முதலிற் கண்ட உழவர்க்கு எட்டியது சிறிதே.

இப்பொருளை விலைபேசலாமோ என்று சிலர் வெறுப்புடன் கேட்பதுண்டு. எம் கருத்து வேறு. இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்னும் ஊரிற் பிறந்த மேரி ஆனிங் என்னும் பெண்மணி (1799-1847), தந்தையை இளமையில் இழந்து, கடலோரப் பாறைச் சரிவிற் படிவங்களைத் தேடி விற்றே பிழைத்தார். இக்தியோசாரஸ், பிளிசியோசாரஸ் என்னும் கடற்பெருவிலங்குகளின் கூடுகளை உலகுக்கு அளித்தவர் அவரே. விலை கொடுப்பாரின்றேல் அவை அலையால் நொறுங்கி மறைந்திருக்கும். அங்ஙனமாயினும், வாங்கிய செல்வர் பெயரைச் சீட்டில் எழுதிய காட்சிச்சாலைகள், கண்டெடுத்த ஏழைப் பெண்ணின் பெயரை நெடுங்காலம் எழுதினவல்ல. பிழை விலையில் இல்லை, எழுதாமையில் உளது.

தனியார் உடைமையால் வரும் கேடும் உண்டு. 1956-இல் கிடைத்த மற்றோர் ஆர்க்கியாப்டெரிக்ஸ், மாக்ஸ்பெர்க் காட்சிச்சாலையில் வைக்கப்பெற்றுப் பின் 1974-இல் உடையவரால் திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் அவர் ஆராய்வார் எவர்க்கும் அதனைக் காட்டவில்லை. 1991-இல் அவர் இறந்தபின் தேடியபொழுது கல்லைக் காணோம். அது இன்றளவும் கிடைத்திலது. முன்னர் எடுத்த வார்ப்புகளும் எக்ஸ்-கதிர்ப் படங்களுமே எஞ்சியுள்ளன. இவ்வினத்தின் கூடுகள் உலகிற் கிடைத்தவை பதினைந்துக்கு உட்பட்டனவே ஆதலின், ஒன்றை இழப்பது எளிய இழப்பன்று. இதற்கு மாறாக, பல்லாண்டு தனியார் கையிலிருந்த வேறொன்றைச் சிக்காகோ நகரப் பீல்டு மியூசியம் 2022-இல் பெற்றது. புறஊதாக் கதிரில் வைத்துக் கல்லைச் சிறிது சிறிதாக அகற்றியபோது, மேற்கைக்கும் உடலுக்கும் இடையே உள்ள வெளியை மூடும் இறகுகள் தெரிந்தன. அவை பறத்தற்கு உதவுவன என்னும் முடிவு 2025-இல் வெளியாயிற்று.

நிற்க. வாங்குவார்க்கு மற்றோர் இடர் போலி. 1999-இல் அமெரிக்காவில் டூசான் நகரச் சந்தையில் சீன நாட்டுப் படிவம் ஒன்று 80,000 டாலருக்கு விலைபோயிற்று. உடல் பறவை, வால் டைனோசர்! ஆர்க்கியோராப்டர் என்று பெயரும் இட்டு, நேஷனல் ஜியாகிரபிக் இதழ் அவ்வாண்டு நவம்பரில் விளம்பரமும் செய்தது. சீன அறிஞர் சூ சிங், அவ்வாலின் மறுபாதிக் கல்லைக் கண்டார். அது வேறு சிறு விலங்கின் உடலோடு பொருந்தியிருந்தது. கிடைத்த துண்டுகளை ஒட்டிச் சேர்த்தால் விலை ஏறும் என்று எவரோ செய்த வேலை அது. இதில் எள்ளத்தக்கது கைவினைஞனைக் காட்டிலும் வாங்கினோரின் அவசரமே என்போம்.

விலையும் இப்போது வேறு நிலைக்குச் சென்றுவிட்டது. 1997-இல் சூ என்னும் பெயரிய டிரனோசாரஸ் கூட்டைச் சிக்காகோக் காட்சிச்சாலை, வணிக நிறுவனங்களின் துணைகொண்டு, ஏறக்குறைய 84 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. 2024-இல் ஸ்டெகோசாரஸ் ஒன்று 4 கோடியே 46 லட்சம் டாலருக்குப் போயிற்று. இத்தகைய ஏலத்தில் கல்லூரிக் காட்சிச்சாலைகள் கையுயர்த்த இயலுமோ? பிரேசில் போன்ற நாடுகள் படிவங்களை அரசுடைமை எனச் சட்டம் செய்துள்ளன. அந்நாட்டினின்று ஜெர்மனிக்குச் சென்றிருந்த உபிராஜாரா என்னும் சிறு டைனோசர் 2023-இல் திரும்பிவந்தது.

நம் அரியலூர்ப் பகுதியும் இவ்வகையில் உலகறிந்ததே. அங்கு ஒரு காலத்துக் கடல் இருந்தது. 1840-களில் கே, கன்லிப் என்னும் ஆங்கிலேயர் புதுவை, திருச்சிப் பகுதிகளிற் சேர்த்த சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் இலண்டனில் எட்வர்டு போர்ப்ஸ் ஆராய்ந்து எழுதினார். சாத்தனூரில் 1940-இல் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிவித்த கல்மரம் ஏறக்குறைய 18 மீட்டர் நீளமுடையது. சாத்தனூரிலும் திருவக்கரையிலும் ஒரு சில்லும் பெயர்த்தெடுத்தல் ஆகாது. அவை காக்கப்பெற்ற இடங்கள். ஏனைய இடங்களில் நிலத்துக்குரியார் இசைவோடு, சுரங்கத்து ஒதுக்குக் கற்குவியலில் தேடுவார், ஒட்டிய மண்ணைச் சுரண்டாது தாளிற் சுற்றி, ஊரின் பெயர், கிடைத்த அடுக்கு, நாள், கண்டெடுத்தவர் பெயர் ஆகியவற்றை அவ்விடத்திலேயே எழுதி உடன் வைத்தல் வேண்டும். வீடு சேர்ந்தபின் எழுதலாம் என்று விட்டால், இரண்டு கற்கள் ஒரே பையிற் கலந்தவுடன் எது எங்கே கிடைத்தது என்பது மறந்துவிடும். சீட்டில்லாத சிப்பியை அழகுக்காக மேசைமேல் வைக்கலாம். ஆராய்வார்க்கு அது பெரிதும் பயன்படாது. பெயரறிய விரும்புவோர் அரியலூரை அடுத்த வாரணவாசிக் காட்சிச்சாலையில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு நோக்கலாம்.